புரிந்துபோன ஜோக்

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஓர் அடித்தள வீடு. ஆங்கிலம் பழகுவதற்காக டெல்மி தினமும் பார்க்கும் அரசியல் கேலி நிகழ்ச்சி டிவியில் ஓடுகிறது. நாள் முழுக்கக் கழுவிக் கழுவி ப்ளீச் அரித்த அவள் விரல்களில் நீல வெளிச்சம் நடுங்குகிறது. “வந்தேறிகளையெல்லாம் துரத்திவிட்டால் நம் டாய்லெட்டை யார் கழுவுவது?” என்று நிகழ்ச்சி நடத்தும் கோட்டுக்காரன் கேட்க, அரங்கம் கைதட்டிச் சிரிக்கிறது. இன்று ஒரு சொல்லுக்குக்கூட அவள் அர்த்தம் தேடவில்லை. ஹோண்டுராஸில் பதினோரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். பக்கத்தில் கணவன் வில்மரும் சிரிக்கிறான். “நமக்காகத்தான்டி பேசறான்.” “நமக்காகவா? அவன் கக்கூசுக்காகப் பேசறான்.” வில்மரின் சிரிப்பு அடங்குகிறது. கை ரிமோட்டைத் தேடுகிறது. கேமரா இப்போது பார்வையாளர்கள் பக்கம் திரும்புகிறது. “அணைக்காத,” என்கிறாள் டெல்மி, பல்லைக் கடித்தபடி. “சிரிக்கிற ஒவ்வொரு மூஞ்சியையும் நான் பார்க்கணும்.”