மூன்று இறக்கைகள்

திரவியம் தன் மகள் செல்வராணிக்கு வாங்கிக்கொடுத்த மின்விசிறியில், கோயில் டியூப்லைட்டில் எழுதுவதுபோல, சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தது. ஓர் இறக்கையில் உபயம், அடுத்ததில் சா. திரவியம், மூன்றாவதில் ஓய்வுபெற்ற மேலாளர். சுற்றினால் எழுத்து தெரியாது என்பதை, மாட்டிய பிறகுதான் அந்த மேலாளர் மூளை கண்டுபிடித்தது. அதிலிருந்து, மகள் வீட்டுக்கு வந்ததும் அவருடைய முதல் வேலை விசிறியை நிறுத்துவது. கிளம்பும்வரை யாரும் போடக்கூடாது. வேறொன்று வாங்கிக்கொள்கிறேன் என்று செல்வராணி ஒருமுறை சொன்னதற்கு, "பெத்தவன் குடுத்தது ஆகாதோ?" என்று ஒரு மாதம் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பேத்தியின் முதல் பிறந்தநாள் சித்திரையில் வந்தது. சாயங்காலம் கூடம் நிறைய ஆட்கள். திரவியம் சுவிட்சை அணைத்து, அதை ஒட்டியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். குழந்தை வேர்த்து வீறிட்டது.

"பாப்பாவுக்குப் புழுங்குதுப்பா. போட்டுக்கிடட்டுமா?"

"எல்லாரும் வாசிச்சு முடிக்கட்டும்."

செல்வராணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "எல்லாரும் மொட்டைமாடிக்கு வாங்க, நல்லாக் காத்து வருது" என்றாள். விட்டால் போதுமென்று அத்தனை பேரும் எழுந்து போனார்கள். கேக்கும் போனது.

மேலே கைதட்டும் சத்தம் கேட்டது. கீழே திரவியம் மட்டும் அண்ணாந்து தன் பெயரைப் படித்துக்கொண்டிருந்தார். வியர்வை கண்ணில் இறங்கியது. சுவிட்சு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.