பரணைப் பார்க்காதே

"மொதல்ல நடந்ததையே மாத்தி மாத்திச் சொல்லிக்கினு கீற! பொணத்த எங்க போட்டான்? அத்தச் சொல்லுடா!"

சுளீரென்று ஒரு அடி விழுந்தது. கூடவே பக்கத்து வீட்டு ஜீவானந்தத்தின் அலறல். சுவருக்கு இந்தப் பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்த லூர்தம்மாளின் கையிலிருந்து மீன் நழுவிச் சட்டியில் விழுந்தது.

மண்ணூர் லைன் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருத்தன் செத்தால்கூட ஏனென்று கேட்க நாதி கிடையாது. மொத்தச் சனமும் பஞ்சாயத்து டி.வி. முன்னால் படம் பார்க்கப் போயிருந்தது. கம்பெனி கேன்டீனில் வாரம் பூரா ஊருக்கு ஆக்கிப் போடுகிற லூர்தம்மாளுக்குக் கிடைப்பதே அந்த ஒரு நாள் லீவு. அதில் தனக்கென்று ஒரு மீன் குழம்பு வைக்காமல் படமாவது ஒன்றாவது!

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கொல்லைப் பக்கமாகப் போய்ப் பக்கத்து வீட்டு ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தாள். மாதாவே!

ஜீவானந்தத்தை நாற்காலியோடு சேர்த்துச் சைக்கிள் டியூபால் வரிந்து கட்டியிருந்தது. வலது கை மட்டும் வெளியே இருந்தது. மடியில் ஒரு பலகை, பலகை மேல் வெள்ளைத் தாள். உதடு கிழிந்து, ரத்தம் சட்டைக் காலரில் காய்ந்துபோயிருந்தது.

எதிரில் நின்றவன் பரசுராமன். தண்டலம் லாரி ஷெட்டில் ஒருத்தனை வெட்டிவிட்டு உள்ளே போய் வந்தவன் என்று ஊருக்கே தெரியும். கையில் லாரி ஃபேன் பெல்ட், இடுப்பில் கத்தி.

எழுதி வாங்குகிறான் பாவி! ஸ்பிரிங் கம்பெனியில் லேத் ஓட்டுகிற பிள்ளை, அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாது. அது எந்தப் பொணத்தைக் கண்டது? அந்தத் தலைவரைக் குண்டு வைத்துக் கொன்ற மே மாசத்துக்கு அப்புறம் இந்தப் பக்கத்தில் எந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறதென்றே சொல்ல முடியவில்லை.

மத்தியானம் ஜீவானந்தமே இவனைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு வந்ததை அவள் பார்த்திருந்தாள். முதுகில் கத்தியை வைத்து ஓட்ட வைத்திருக்கிறான் என்பது இப்போதுதான் உறைத்தது.

"ஒரே ஒரு தபாண்ணா... அத்த மட்டும் எடுத்துப் பாத்துட்டு..." ஜீவானந்தத்தின் கண் பரண் பக்கம் போனது. அங்கே தடியாக ஒரு காகிதக் கட்டு இருந்தது.

"பரணப் பாக்காத!" பெல்ட் அவன் தோளைப் பிய்த்தது. "காலைல மெட்ராஸ்லேர்ந்து ஆளு வருது. அதுக்குள்ள முடிக்கல, அவ்ளோதான் நீ. அந்தப் பொம்பளயக் கொன்னது யாரு? எழுது!"

ஜீவானந்தம் அழுதுகொண்டே எழுதினான். இரண்டு வரி எழுதியதும் கண் மறுபடி பரணுக்குப் போனது. மறுபடி அடி விழுந்தது.

ஸ்டேஷனுக்கு ஓடலாம். ஆனால் திரும்பி வருவதற்குள் பிள்ளையைக் கொன்றே போட்டுவிடுவான். அண்டா தூக்கிப் பழகின கை அவளுடையது. வீட்டுக்குள் போய் உலக்கையை எடுத்துக்கொண்டு வந்து கதவை எட்டி உதைத்தாள். கதவு தாழ்கூடப் போடாமல் இருந்தது. அத்தனை திமிர் அவனுக்கு!

பரசுராமன் திரும்புவதற்குள் உலக்கை மண்டையில் இறங்கியது. "யார்ரா..." என்று தடுமாறித் திரும்பியவனுக்குத் தோளில் இன்னொன்று. எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. சுவரில் ரத்தம் தெறிக்கக் குப்புற விழுந்தவன் அப்படியே கிடந்தான். மூச்சு மட்டும் புஸ்புஸ்ஸென்று வந்தது.

"யக்கா! வேணாங்கா! அவர அடிக்காதக்கா!" என்று ஜீவானந்தம் கத்தினான்.

இவ்வளவு அடி வாங்கியும் அவன் மேல் இரக்கப்படுகிறதே இந்தப் பிள்ளை! விழுந்தவன் இடுப்பிலிருந்த கத்தியையே உருவி டியூபை அறுத்தாள்.

"ஓடு தம்பி! எங்கியாவது போயிடு. போலீசு வந்தா நான் பாத்துக்கறேன்!"

அவன் ஓடவில்லை. நாற்காலி மேல் ஏறி, பரணிலிருந்த கட்டை இழுத்துக் கீழே போட்டான். கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தான். முதல் தாளை எடுத்து முதல் வரியைப் பேனாவால் அடித்தான். இரண்டாவது வரியையும் அடித்தான். கண்ணில் நீர் கொட்டியது, கை மட்டும் நிற்கவில்லை.

"இன்னா தம்பி பண்றே? இன்னாது அது?"

"நாவலுக்கா, கொலக் கத. வருசக்கணக்கா மொத அத்தியாயத்தையே திருத்தித் திருத்தி ஒண்ணக்கூட முடிச்சதில்ல. இந்தத் தபாதான் கடைசி அத்தியாயம் வரைக்கும் வந்தேன். காலைல மாத நாவல் ஆபீஸ்லேர்ந்து வந்து வாங்கிக்கினு போறாங்க. இத்தயும் வுட்டா எனக்கு வேற சான்ஸே கிடையாது..." சொல்லும்போதே மூன்றாவது வரியும் போனது. "ஐயோ, கை நிக்க மாட்டேங்குதேக்கா!"

லூர்தம்மாள் உலக்கையைக் கீழே போட்டாள். குப்புறக் கிடந்தவனைப் பார்த்தாள்.

"அப்ப இவன் யாரு?"

"என்ன அடிச்சு எழுத வெக்க நானே கூலிக்கு வெச்ச ஆளு, சீக்கிரம் எழுப்புக்கா!"