மாத்திரை வாசம்

தாண்டிக்குடி மலையில் பெருமாள்சாமிக்கு இயற்கைக் காபித் தோட்டம் இருந்தது. காபிக்கு ஊடே மிளகும் ஏலமும் போட்டிருந்தார். உடம்பில் ரசாயனம் துளியும் இல்லாத விருந்தினர்கள்தான் அங்கே தங்கலாம். வாசலில் இருந்த கருவி வருபவர்களின் மூச்சை முகர்ந்து பார்த்த பிறகே கதவைத் திறக்கும்.

புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுவந்த அவர் மகள் நறுமுகை, பத்து நாள் ஓய்வெடுக்கலாம் என்று சென்னையிலிருந்து வந்து இறங்கினாள். அவள் ஊதியதும் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பெருமாள்சாமி கதவுக்கு உட்புறம் ஓடிவந்து நின்றார்.

"இது நம்ம வீடுப்பா."

"இல்லேங்கல தாயி. உன் வேர்வை மண்ணுல பட்டாலே இயற்கைத் தோட்டம்னு குடுத்த சான்றிதழ் போயிரும். அப்புறம் நம்ம காபிய ஒருத்தன் சீண்ட மாட்டான். கீழ லாட்ஜுல ரூம் சொல்லியிருக்கேன்."

அவருக்குப் பின்னால் விருந்தினர்கள் ஏலச்செடிகளுக்கு நடுவே வெறுங்காலோடு உலாத்திக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அறைச் சன்னலில் யாரோ துண்டு காயப்போட்டிருந்தார்கள்.

"மாத்திரைய நிறுத்திட்டா எத்தனை நாள்ல உள்ள விடும்?" வெறுப்பில்தான் கேட்டாள்.

"நாப்பத்தோரு நாள்" என்றார் பெருமாள்சாமி, கொஞ்சமும் யோசிக்காமல்.

அதையும் விசாரித்து வைத்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. வந்த காரிலேயே ஏறிக்கொண்டாள்.