முதலிடத்தில் மூன்று எழுத்து

கறுப்புக் கவுனைக்கூட மாற்றாமல் துப்பாக்கியைத் தூக்கித் தோளில் பதித்துக்கொண்டாள் பெர்னடீன். சுட்டாள். ஒரு கலைமான் சுருண்டு விழுந்தது.

மில்வாக்கியில் வால்ட் நடத்தும் பாரின் மூலையில் நிற்கும் வீடியோ கேம் அது. துப்பாக்கி பிளாஸ்டிக், மான்கள் திரைக்குள். காலையில்தான் அவள் கணவன் ரேமண்ட் ஸிலின்ஸ்கியை எல்லோருமாக அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்கள். வால்ட் முகத்தைச் சுளித்தான்.

"கல்லறை மண்ணு ஈரம்கூடக் காயல," என்றான் கவுண்டரில் பிராந்தியோடு உட்கார்ந்திருந்த செஸ்டர். "என்ன ஜென்மமோ! ஆமா, உன் வீட்டுக்காரி எங்க?"

"ரோசலிண்டா? தலைவலின்னு மாடியில படுத்திருக்கா. இந்தக் கண்றாவியப் பாக்காம இருக்கறதே நல்லது."

"அது என்னப்பா, எப்பவும் முழுப் பேரையும் நீட்டி முழக்கற? சுருக்கிக் கூப்பிடேன்."

"நானா? சுருக்கினா வெந்நிய எடுத்து மேல ஊத்திடுவா. கட்டினவனுக்கே அந்த உரிமை கிடையாது."

மறுபடியும் வெடிச் சத்தம். இன்னொரு மான் விழுந்தது. பெர்னடீன் உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த குறியைத் தேடினாள்.

திரையின் உச்சியில் முதலிடம் பிடித்தவரின் எழுத்துகள் மட்டும் மின்னும். ஜெயித்தவர்கள் பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் மூன்றின் முதலெழுத்தையும் போடுவது அங்கே வழக்கம். ஆர், ஓ, இசட். வருஷக்கணக்காக ரேமண்டை யாராலும் அசைக்க முடியவில்லை.

கடை இருக்கும்வரை அந்த எழுத்துகளும் இருக்கும் என்று சவப்பெட்டியைத் தொட்டு வாக்குக் கொடுத்திருந்தான் வால்ட். இவளோ அவற்றைத் துடைத்தெறியத்தான் வரிந்துகட்டிக்கொண்டு ஆடினாள். பெண்டாட்டியா இவள்?

பொறுக்க முடியாமல் இயந்திரத்தின் ஒயரைப் பிடுங்கப் பாய்ந்தான் வால்ட். அதற்குள் கடைசி மானும் விழுந்துவிட்டது. இயந்திரம் குதூகலமாக இசைத்தது. பழைய எழுத்துகள் மறைந்து, மூன்று வெற்றுக் கட்டங்கள் கண்சிமிட்டின.

"திருப்திதானே?" என்று கத்தினான். "செத்தவன் பேர அழிச்சாச்சு! காறித் துப்பணும்போல இருக்கு. உனக்கு என்ன குறை வச்சான் அவன்?"

பெர்னடீன் துப்பாக்கியை அதன் கொக்கியில் மாட்டினாள். அவன் முகத்தில் இருந்த அருவருப்பு அப்படியே அவள் முகத்திலும் இருந்தது. தலையை நிமிர்த்தி மாடியை ஒரு முறை பார்த்தாள்.

"அது அவரு பேர்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஆர்னா ரேமண்ட். இசட்னா ஸிலின்ஸ்கி. நடுவுல ஓ... ஓட்டோவோ ஓவனோ, எனக்கென்ன தெரியும்?"

"அந்த மனுஷனுக்கு நடுப்பேரே கிடையாது. அது மூணு பேரோட முதலெழுத்து இல்ல, ஒரே பேரோட சுருக்கம். எழுத்துக் கூட்டிப் படி, வால்ட்."