சிவப்புக் கோட்டுக்குக் கீழே

சாய ஆலை மேனேஜருக்கு ஆலைக்குள் ‘அத்தர்’ என்று பெயர். கழிவுநீரின் நாற்றம் தன் மேல் ஒட்டக் கூடாதென்று மணிக்கொரு தரம் சட்டையில் சென்ட் அடித்துக்கொள்வார். நாற்றத்துக்கு எதிராக அவர் இதுவரை எடுத்த ஒரே நடவடிக்கை அதுதான்.

அன்று மதியம் அவர் ஆலையின் இணையப் பக்கத்தைக் கவனிக்கும் பெண்ணின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். திரையில் ஏழு நாளுக்கு ஏழு தூண்கள். கால்வாயில் திறந்துவிட்ட நீரில் தினமும் எவ்வளவு கழிவு என்று ஊரறியக் காட்ட வேண்டும் என்பது சட்டம். குறுக்கே, சட்டம் அனுமதிக்கும் அளவான நூறில் ஒரு சிவப்புக் கோடு. ஏழு தூண்களும் அதைத் தாண்டி வளர்ந்திருந்தன.

“மூணு மணிக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துப் புது ஆபீசர் நம்ம பக்கத்தைப் பார்க்கப் போறார். சரின்னு சொல்லிட்டா இன்னும் ஒரு வருஷம் கவலையில்லாம திறந்து விடலாம். எல்லாத் தூணையும் கோட்டுக்குக் கீழ இறக்கு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கால்வாய் ஓரத்தில்தான் அவளுடைய அக்கா வீடு. அக்கா மகளின் இரண்டு கையிலும் முழங்கை வரை புண். இது அத்தருக்கும் தெரியும். போன மாதம் அவள் சொல்லி அழுதபோது, நல்ல சோப்பு வாங்கித் தரச் சொன்னவர் அவர்தான்.

“லேப் கொடுத்த நம்பர் சார் அது. நான் எப்படி மாத்தறது?”

“நம்பரை யாரு மாத்தச் சொன்னா? லேப் ஃபைல்ல கை வெச்சா அந்த ஆளு குதிப்பான். படத்தை மட்டும் மாத்து. பெயிண்ட் அடிச்சு மறைச்சிரேன்.”

“இது போட்டோ இல்ல சார். எல்லாமே எழுத்து. இங்க ஆரம்பி, இவ்வளவு அகலம், இவ்வளவு உயரம்னு எழுதியிருக்கு. அதைப் படிச்சுத்தான் பிரவுசர் வரையுது.”

“அப்ப ரொம்ப சுலபம். உயரத்தைக் குறை!”

குறைத்தாள். தூண்கள் தரையை விட்டுக் கிளம்பி, காயப்போட்ட துணி மாதிரி அந்தரத்தில் தொங்கின.

“என்ன கண்றாவி இது?” என்று அத்தர் அலறினார்.

“இதுல பூஜ்யம் உச்சியில இருக்கு சார். மேலேருந்துதான் கீழே அளக்கணும். உயரத்தைக் குறைச்சா, அதே அளவுக்கு ஆரம்பத்தையும் கீழ இறக்கணும்.”

“தலைகீழாப் படிச்சவங்க பண்ணின வேலை போல. சரி, இறக்கு. தூண் தலையில எழுதியிருக்கிற நம்பரையும் மாத்து. ஆனா நான் சொல்ற எழுத்தைத் தவிர வேற ஒரு எழுத்துல கை வைக்கக் கூடாது. உங்க அக்கா மேல இருக்கிற பாசத்துல ஏதாவது துண்டுச்சீட்டு சொருகி வெச்சிருவே. முடியாதுன்னா இப்பவே கிளம்பு.”

அவள் கிளம்பவில்லை. அத்தர் விரல் வைத்துக் காட்டக் காட்ட, ஏழு தூண்களையும் ஒவ்வொன்றாக வெட்டினாள். எழுபது, அறுபத்தெட்டு, எழுபத்திரண்டு என்று தலையில் எழுதினாள். அக்கா மகளின் கையை விட வேலை பெரிதாகிவிட்டது போலும். இப்படிப்பட்டவர்களை நம்பித்தான் அத்தர்கள் இருக்கிறார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, படம் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. கோட்டுக்குக் கீழே ஏழு பச்சைத் தூண்கள், சமர்த்துப் பிள்ளைகளைப் போல வரிசையாக நின்றன. அத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து இன்னொரு தரம் பார்த்தார். ஒரு குறையும் தெரியவில்லை.

“புது ஆள் வந்து நாலு நாள் ஆச்சு. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டாராம். ஒரு ஆலைக்கும் போனதில்ல. எல்லாம் உட்கார்ந்த இடத்துலயே கம்ப்யூட்டர்ல முடிச்சிடறாராம்” என்று இளித்தார். “சோம்பேறி! இந்த மாதிரி ஆளு கண்ணுல மண்ணைத் தூவறது பெரிய வேலையா?”

மூன்றரைக்கு போன் வந்தது. புகழ்ச்சியை அவளும் கேட்கட்டும் என்று அத்தர் ஸ்பீக்கரில் போட்டார்.

“உங்க பக்கத்தை முழுசாப் பார்த்து முடிச்சேன்” என்றது நிதானமான குரல். “ஆலையை இன்னிக்கே மூடச் சொல்லி உத்தரவு வரும். போலீஸும் கூட வருவாங்க.”

“சார்! எதுக்கு சார்? எல்லாமே நூறுக்குக் கீழதானே இருக்கு!”

“திங்கள் நூத்தி எண்பது. செவ்வாய் இருநூத்திப் பத்து. புதன் இருநூத்தி நாற்பது. இன்னும் சொல்லட்டுமா?”

அத்தர் அவளை எரித்துவிடுவது போலப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் திரைக்கு மூக்கை ஒட்டி வைத்து ஏழு தூண்களையும் மறுபடி எண்ணினார். எழுபது, அறுபத்தெட்டு, எழுபத்திரண்டு. எல்லாம் வைத்தது வைத்தபடியே இருந்தன.

“அநியாயம் சார்! யாரோ சொன்னதைக் கேட்டுட்டுப் பேசறீங்க. படத்துல அப்படி இல்லவே இல்ல. தயவுசெஞ்சு ஒரு தடவை கண்ணால பார்த்துச் சொல்லுங்க!”

“எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாதுங்க; ஒவ்வொரு தூணுக்குப் பின்னாடியும் எங்களை மாதிரி ஆளுங்களுக்காக எழுதி வெச்சிருக்கிற நம்பரைக் கம்ப்யூட்டர் படிச்சுக் காட்டும், நான் கேட்டுக்குவேன்.”