கழற்றாத மூடிகள்

மதிய வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் வரிவரியாக விரித்திருக்கிறது. அவ்வரிகளின் மேல் பழைய கணினி பக்கவாட்டில் படுத்துக் கிடக்க, கணினி ஆசிரியர் அதன் வயிற்றிலிருந்து, திரையில் படங்கள் வேகமாக நகர்வதற்கென்று வாங்கிப் போட்ட பழைய கிராஃபிக்ஸ் கார்டை மெல்ல உருவுகிறார். கட்டட வரைபடம் வரையும் அவருடைய மனைவி குனிந்து டார்ச் பிடிக்கிறாள். "பாவம்ங்க அது, மூணு வருஷமா மாடா உழைச்சிருக்கு." ஆசிரியரின் கை அப்படியே நிற்கிறது. கார்டின் துளைகளில், வாங்கியபோது இருந்த நீல ரப்பர் மூடிகள் இன்னும் கழற்றப்படாமலே இருக்கின்றன. அன்று மானிட்டர் கேபிளை இதில் செருகாமல் கணினியின் தாய்ப்பலகையான மதர்போர்டின் துளையில் செருகியவர் அவரேதான்; இந்தக் கார்டு ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை. வரைபடத்தில் ஒரு சுவரை நகர்த்திவிட்டு, அது நகரும்வரை கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தவளிடம், "உனக்குத்தான் பொறுமை இல்ல" என்று எத்தனை முறை சொல்லியிருப்பார். "என்னங்க, உடைஞ்சிருச்சா?" "இல்லம்மா, தூசி." "தூசியையா இப்படி உத்துப் பாக்குறீங்க," என்று சிரித்தபடி அவள் வெளிச்சத்தை இன்னும் கிட்டே கொண்டுவருகிறாள். அவர் சட்டென்று மூடிகளைக் கழற்றி உள்ளங்கைக்குள் பொத்திக்கொள்கிறார். அவளோ கார்டை வாங்கிப் பக்குவமாகத் துடைக்கிறாள். "தூக்கிப் போட்டுடாதீங்க. நன்றிகெட்டவங்க ஆயிடுவோம்." அலமாரியில் அவள் அதற்கு இடம் ஒதுக்கும்வரை, ஆசிரியர் விரல்களை விரிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.