வேலை வேண்டாம் என்றதற்குக் காரணம்

மாதாமாதம் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புக்கு வரும் பவானி, இருதயராஜ் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து படிவத்தைப் பிரித்தாள். மில் மூடியதிலிருந்து அவருக்கு வேலையில்லை.

“வீட்ல எத்தனை பேர், சார்?”

“ரெண்டு பேர், மேடம். நானும் ரோஸ்லினும்.”

அவர் மனைவி ரோஸ்லின் போன வருஷம் வீட்டு வேலைக்காக மஸ்கட் போனவள். முதல் மூன்று மாதம் தினமும் பேசினாள். அதன்பிறகு அவள் போன் அணைந்தே கிடந்தது.

ஆறு மாதத்துக்கு மேல் வெளியில் இருப்பவரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பவானி அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவள் ‘ஒன்று’ என்று எழுதுவதை இருதயராஜ் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போன வாரம் வேலை தேடினீங்களா?”

“தேடாமலே வந்துச்சு. ஓசூர்ல கம்பெனி வேலை. தங்க ரூமும் தர்றேன்னாங்க. வேண்டாம்னுட்டேன்.”

“நல்ல வேலையாச்சே! ஏன் சார்?”

அவர் தெருமுனையைப் பார்த்தார். “அவளுக்கு இந்த வீடுதானே மேடம் தெரியும்.”

காரணம் என்ற இடத்தில் வரிசையாக விடைகள் அச்சாகியிருந்தன: சம்பளம் குறைவு, தூரம், உடல்நிலை. பவானி எதையும் டிக் செய்யவில்லை. ஓரத்தில், அவர் சொன்னதை அப்படியே எழுதினாள்.